பெயருக்குச் சாட்சி சொல்லும் காகிதங்கள்

2021 ஜனவரி 12. விடிவதற்கு முன்பே சீரம் இன்ஸ்டிடியூட்டின் ஆலையிலிருந்து கிளம்பிய லாரிகள் புனேயின் லோஹேகாவ் விமான நிலையத்தை அடைந்தன. ஏற்றியிருந்தவை கோவிஷீல்டு தடுப்பூசிப் பெட்டிகள். நான்கு நாளில் தொடங்கவிருந்த நாடளாவிய தடுப்பூசித் திட்டத்துக்கான முதல் தவணை அது. அந்தக் காலையில் தேசமே அந்தப் பெட்டிகளைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது. பெட்டியின்மேல் அச்சிட்டிருந்த பெயர் யாருக்குச் சொந்தம் என்று அதே புனேயின் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது பலருக்குத் தெரியாது.

மகாராஷ்டிரத்தின் நாந்தேடைச் சேர்ந்த கியூட்டிஸ் பயோடெக் என்ற நிறுவனம் 2020 ஏப்ரல் 29 அன்று 'கோவிஷீல்டு' என்ற பெயருக்கு டிரேட்மார்க் விண்ணப்பம் போட்டிருந்தது. சீரம் விண்ணப்பித்தது ஜூன் 3 அன்று. நாந்தேடுக்காரர்கள் அந்தப் பெயரில் கிருமிநாசினி போன்ற சரக்குகளை விற்கவும் தொடங்கியிருந்தார்கள். விண்ணப்பத் தேதியை மட்டும் பார்த்தால் அவர்கள்தாம் முந்தியவர்கள். ஆனாலும் புனே நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. 2021 ஏப்ரல் 20 அன்று மும்பை உயர் நீதிமன்றம் அந்த முடிவை உறுதிசெய்தது. அந்தப் பெயரை வைத்துத் தடுப்பூசியைத் தயாரிக்க சீரம் முன்கூட்டியே எடுத்த நடவடிக்கைகளையும் நீதிபதிகள் கணக்கில் எடுத்தார்கள். தடை விதித்தால் நாட்டின் தடுப்பூசித் திட்டமே குழம்பும் என்பதும் அவர்கள் முடிவில் ஒரு காரணம். கடைக்கு இன்னும் வராத சரக்கின் பெயருக்கும், அதைத் தயாரிக்க நடந்த வேலையின் ஆவணங்கள் துணை நின்றன.

விமான நிலையத்தை ஒட்டி இருப்பது விமான் நகர். ஐ.டி. அலுவலகங்களும் பெரிய வணிக வளாகமும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நெருங்கிக் கிடக்கும் பகுதி. 1977இல் தொடங்கப்பட்ட சிம்பயாசிஸ் சட்டக் கல்லூரியும் இங்குதான் இருக்கிறது. ஐந்தாண்டுச் சட்டப் படிப்பை முடித்து, பார் கவுன்சிலில் பதிந்து, அகில இந்திய பார் தேர்வையும் எழுதிவிட்டு வரும் இளைஞர்களில் அறிவுசார் சொத்துச் சட்டத்தைத் தேர்பவர்களுக்கு இந்த நகரம் நல்ல களம். மருந்து, மென்பொருள், உணவு, திரைப்படம் நான்கும் ஒரே ஊரில் இருக்கின்றன. இந்தத் தொழிலின் உள்ளடக்கம் என்ன என்று கேட்டால், கற்பனை, படைப்பு, பிராண்டு என்று பெரிய சொற்கள் பதிலாக வரும். புனேயின் வழக்குகளைப் படித்தால் கிடைக்கும் பதில் வேறு. இது காகிதங்களின் தொழில். டிரேட்மார்க் வழக்கில் பழைய காகிதம் சிறியவரைக் காப்பாற்றக்கூடும். பதிப்புரிமையில் கையெழுத்துப் போட்ட காகிதம் படைப்பாளியைக் கைவிட்டுவிடக்கூடும். இரண்டையும் ஒரே வக்கீல்தான் கையாளுகிறார். அவர் எந்த நேரத்தில் கூப்பிடப்படுகிறார் என்பதில்தான் பெரிய வேறுபாடு இருக்கிறது.

முதலில் டிரேட்மார்க். பதிவுச் சான்றிதழ் கையில் இருந்தால் பெயர் நம்முடையது என்பது வியாபாரிகளிடம் பரவலாக உள்ள நம்பிக்கை. 1999ஆம் ஆண்டின் டிரேட்மார்க் சட்டம் (நடைமுறைக்கு வந்தது 2003 செப்டம்பர் 15) அப்படி முழுமையாகச் சொல்லவில்லை. பதிவு செய்யாதவரும், தன் பெயரைச் சொல்லி இன்னொருவர் சரக்கை விற்றால் வழக்குப் போடலாம் என்கிறது 27ஆம் பிரிவு. முன்பிருந்தே ஒரு பெயரைத் தொடர்ந்து பயன்படுத்துபவரைப் பின்னால் பதிந்தவர் தடுக்க முடியாது என்கிறது 34ஆம் பிரிவு.

இதற்குத் தமிழ் வாசகருக்கு நாவில் ஊறும் சான்று ஒன்று உண்டு. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே உள்ள இருட்டுக்கடை. அந்தப் பெயரோடு 'திருநெல்வேலி' என்ற சொல்லை முன்னால் சேர்த்து இன்னொருவர் அல்வா விற்றார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 2015 மார்ச் 17 அன்று தீர்ந்தது. எதிர்த் தரப்பிடமும் பதிவு இருந்தது. முன்பிருந்தே பயன்படுத்தியவரின் உரிமை பதிவால் வரும் உரிமையைவிட மேலானது என்று நீதிமன்றம் சொன்னது. இன்று இந்தியாவின் எந்த மூலையில் இந்தக் கேள்வி எழுந்தாலும் வக்கீல்கள் எடுத்து வைக்கும் தீர்ப்பு இது. தில்லியிலும் புனேயிலும் 'சையத் மொகிதீன் - சுலோசனா பாய்' என்று இந்த வழக்கின் பெயரைச் சொல்லி வாதிடுகிறவர்களில் எத்தனை பேர் அந்த அல்வாவை இலையில் வாங்கிச் சாப்பிட்டிருப்பார்கள்!

ஆகவே கட்சிக்காரர் வந்து உட்கார்ந்ததும் அனுபவமுள்ள வக்கீல் கேட்பது, "முதல் பில் இருக்கிறதா?" என்பதுதான். புனேயில் எல்லாரும் 'ஷாப் ஆக்ட்' என்று சொல்லும் கடை உரிமம், பழைய விற்பனை வரிக் கணக்கு, உள்ளூர் நாளிதழில் கொடுத்த விளம்பரம், திறப்பு விழா அழைப்பிதழ், பெயர்ப்பலகை எழுதியவருக்குப் பணம் கொடுத்த ரசீது, ஆடிட்டர் தரும் ஆண்டு வாரியான விற்றுமுதல் சான்று எல்லாமே தேவை. வெப்பத்தில் அச்சாகும் இன்றைய பில்கள் சில ஆண்டுகளில் எழுத்து மறைந்து வெற்றுத் தாளாகிவிடும். கட்சிக்காரரை அவற்றை நகலெடுத்து வைக்கச் சொல்வதும் வக்கீலின் வேலையே. இணையப் பக்கத்தின் படத்தை நீட்டினால் போதாது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றும் இணைக்க வேண்டும்.

விண்ணப்பப் படிவத்தில் ஓர் இடம் இருக்கிறது. பெயரை எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள், அல்லது இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறீர்களா என்ற கேள்வி. முன்பிருந்தே பயன்பாடு என்று சொன்னால் உறுதிமொழிப் பத்திரமும் சான்றுகளும் தர வேண்டும் என்கின்றன 2017ஆம் ஆண்டு விதிகள். அந்த அலைச்சலைத் தவிர்க்க, இருபது ஆண்டாக நடக்கும் கடைக்கும் 'இனிமேல்தான்' என்று குறித்துவிடுபவர்கள் உண்டு. பின்னாளில் வழக்கு வரும்போது எதிர்த் தரப்பு அந்தப் படிவத்தை எடுத்து நீதிபதி முன் வைக்கும். கடைக்காரரின் வாய்மொழியை அவருடைய கையெழுத்தே மறுக்கும்.

இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் காட்டுவது புனேயின் பர்கர் கிங் வழக்கு. கேம்ப் பகுதியிலும் கோரேகாவ் பார்க்கிலும் அறியப்பட்ட ஈரானி குடும்பத்தின் உணவகம் அது. 1992இலிருந்து அந்தப் பெயரில் நடந்தது. அமெரிக்காவின் பர்கர் கிங் 1954இல் தொடங்கியது. இந்தியாவில் அது கடை திறந்தது 2014இல்தான். ஆனால் 2011லேயே புனே மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுவிட்டது. 2012 ஜனவரியிலிருந்து புனே உணவகத்துக்கு எதிராக இடைக்காலத் தடை இருந்தது. வழக்கு முடிய 2024 ஜூலை 16 ஆயிற்று. அமெரிக்க நிறுவனத்தின் வழக்கு தள்ளுபடி. புனேயில் இந்த உணவகம் தொடங்கிய காலத்தில் அந்த நிறுவனம் இங்கே இல்லை என்பதையும், வாடிக்கையாளர் குழம்பினார்கள் என்பதற்குச் சான்று இல்லை என்பதையும் நீதிமன்றம் எடுத்துக் காட்டியது. உணவகத்தார் பதிலுக்குக் கேட்ட இழப்பீடும் கிடைக்கவில்லை. பட்ட பாட்டை வாய்ச்சொல்லாகச் சொன்னார்கள். அதை நிறுவும் ஆவணம் இல்லை. பெயரைக் காப்பாற்றிய அதே அளவுகோல் இழப்பீட்டை மறுத்தது.

செய்தித்தாள்கள் இதை எளியவர் பெரியவரை வென்ற கதையாக எழுதின. மனம் அந்தப் பக்கம் சாய்வது இயல்புதான். ஆனால் சட்டத்தின் கேள்வி இன்னும் நுணுக்கமானது. அமெரிக்க நிறுவனம் இந்தியாவில் முதல் பதிவு பெற்றது 1979இல். 34ஆம் பிரிவு, பயன்பாடு எந்தத் தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும் என்று சொல்லும்போது, பதிந்தவரின் பயன்பாடு, பதிவு இரண்டில் எது முந்தியதோ அதற்கும் முந்தியதாக என்கிறது. 1992 என்பது 1979க்குப் பிந்தியது. அப்படியானால் புனே உணவகம் அந்தப் பிரிவின் நிழலில் நிற்க முடியுமா? இதற்குப் பதில் தேட வக்கீல் பழைய சட்டத்துக்குப் போக வேண்டும். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் சரக்குகளுக்கு மட்டுமே பதிவு உண்டு. உணவகம் நடத்துவது போன்ற சேவைகளுக்குப் பதிவு என்பதே 2003 செப்டம்பருக்குப் பிறகுதான் வந்தது. ஆக 1979இன் சான்றிதழ் உணவகத் தொழிலைத் தானாகக் காப்பதில்லை. மேலும், பதிந்துவிட்டு ஐந்தாண்டுக்கு மேல் பயன்படுத்தாமல் வைத்திருந்த பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கக் கேட்க 47ஆம் பிரிவு வழி தருகிறது. இன்னொரு பக்கம், உலகப் புகழ் எல்லை தாண்டியும் வரும் என்று 1996இல் வேர்ல்பூல் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2017 டிசம்பரில் டொயோட்டாவின் பிரியஸ் வழக்கில் அதே நீதிமன்றம், அந்தப் புகழ் உரிய காலத்தில் இந்தியச் சந்தையிலும் இருந்தது என்று காட்ட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னது. வாதத்தின் உயிர் இந்த இடைவெளிகளில்தான் இருக்கிறது.

2024 டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம், அமெரிக்க நிறுவனத்தின் மேல்முறையீடு முடியும்வரை புனே உணவகம் அந்தப் பெயரைப் பயன்படுத்தக்கூடாது என்ற தடையைத் தொடரச் செய்தது. இரு தரப்பும் வியாபாரக் கணக்குகளையும் வரி ஆவணங்களையும் பாதுகாத்து வைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தில் நடக்கலாம் என்றது. 2011இல் இந்த வழக்கின் கட்டைச் சுமந்து சிவாஜி நகர் நீதிமன்றத்துக்குப் போன ஓர் இளம் ஜூனியர், தீர்ப்பு வரும்போது சொந்த அலுவலகம் வைத்திருக்கும் வயதை எட்டியிருப்பார். பதின்மூன்று ஆண்டு என்பது ஓர் உணவகத்துக்கு ஆயுளின் பாதி.

வேறு நாடுகளில் இதே பெயர் வேறு வழிகளில் தீர்ந்திருக்கிறது. இல்லினாய் மாநிலத்தின் மட்டூன் என்ற சிற்றூரில் ஹூட்ஸ் குடும்பத்தின் பர்கர் கிங், மாநிலச் சட்டப்படி 1959இல் பதிந்திருந்தது. 1968இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சிறிய கடைக்கு அதன் சுற்றுவட்டாரத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்ற இடமெல்லாம் பெரிய நிறுவனத்துக்கு என்று கோடு கிழித்தது. அந்த வட்டத்தின் ஆரம் இருபது மைல். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டுக் கடை ஒன்று அந்தப் பெயரை ஏற்கெனவே வைத்திருந்ததால், பெரிய நிறுவனத்தின் கடைகள் இன்றும் 'ஹங்ரி ஜாக்ஸ்' என்ற பெயரில்தான் நடக்கின்றன. நம் சட்டத்திலும் நேர்மையான உடன்நிகழ் பயன்பாட்டுக்கு 12ஆம் பிரிவு இடம் தருகிறது. எல்லையும் நிபந்தனையும் விதிக்கலாம். நம் நீதிமன்றங்கள் அந்தக் கதவை இன்னும் தாராளமாகத் திறக்கலாம் என்பது என் கருத்து. ஒரு நகரத்தின் இரண்டு கடைகளை நாடு முழுக்கப் பரவிய நிறுவனத்தோடு மோதவிட்டு, ஒருவர் முற்றிலும் அழிய வேண்டும் என்று பார்ப்பது நீதிக்கு ஏற்றதல்ல.

இப்படி உச்ச நீதிமன்றம்வரை போவது ஆயிரத்தில் ஒன்று. அன்றாட வேலை பதிவகத்தோடுதான். சரக்குகளும் சேவைகளுமாக 45 வகுப்புகள். உணவகம் 43இல் வரும். ரொட்டியும் பிஸ்கட்டும் 30இல். தனி நபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணைய வழிக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000 என்று 2017 விதிகள் வகுத்தன. ஆய்வறிக்கைக்கு 30 நாளில் பதில் தர வேண்டும். டிரேட்மார்க் இதழில் வெளியான நான்கு மாதத்துக்குள் எதிர்ப்பு வரலாம். எதிர்ப்பு வந்தால் இரண்டு மாதத்தில் பதிலுரை. தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். நல்ல வாதம் தெரிந்தவர் தோற்பதைவிட நாள்காட்டியைக் கவனிக்காதவர் தோற்பதுதான் இங்கே அதிகம்.

இந்தத் துறையின் நீதி அமைப்பில் சென்னைக்கும் ஓர் இடம் இருந்தது. அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2003இலிருந்து சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியது. தலைவரும் உறுப்பினர்களும் நியமிக்கப்படாமல் அது நீண்ட காலம் முடங்கிக் கிடந்ததை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வேதனையோடு சொல்வார்கள். 2021 ஏப்ரலில் ஓர் அவசரச் சட்டம் அதை ஒழித்தது. வழக்குகள் உயர் நீதிமன்றங்களுக்கும் வணிக நீதிமன்றங்களுக்கும் பிரிந்துபோயின. தில்லியும் பிறகு சென்னையும் தனிப் பிரிவு அமைத்துக்கொண்டன. புனேக்காரர்கள் மேல்முறையீட்டுக்கு மும்பை போகிறார்கள். 2025 ஆகஸ்டில் கோலாப்பூரில் உயர் நீதிமன்றத்தின் சுற்று அமர்வு வந்தபோதும் புனே மாவட்டம் அதில் சேரவில்லை.

வக்கீலின் கையில் இருக்கும் ஒரு கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நோட்டீஸ். பெரிய நிறுவனத்தின் பெயரில் நான்கு பக்க வக்கீல் நோட்டீஸ் வந்ததும் வழக்கே இல்லாமல் பெயர்ப்பலகையைக் கழற்றிவிடும் சிறு கடைகள் உண்டு. ஆதாரமற்ற மிரட்டலுக்கு எதிராகவே வழக்குப் போடலாம் என்று டிரேட்மார்க் சட்டத்தின் 142ஆம் பிரிவும் பதிப்புரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவும் சொல்வதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இருப்பதில்லை. உரிமையாளர் தரப்புக்குக் கிடைக்கும் ஆணைகளும் அளவு மீறக்கூடும். 2012இல் '3' தமிழ்ப் படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்ற ஆணையைக் காட்டி இணைய நிறுவனங்கள் சில தளங்களை முழுவதுமாக அடைத்தன. திருட்டுப் படம் உள்ள குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே அடைக்க வேண்டும் என்று நீதிமன்றம் அந்த ஜூனிலேயே திருத்திச் சொல்ல நேர்ந்தது.

பதிப்புரிமையில் நிலைமை தலைகீழ். இங்கே பதிவே கட்டாயமில்லை. எழுதிய கணத்தில், வரைந்த கணத்தில் உரிமை பிறந்துவிடுகிறது. பிறகு ஒரு காகிதம் வந்து அதை எடுத்துக்கொண்டு போகிறது.

திரைப்பட இசையில் இதன் வரலாறு நமக்கு நன்றாகத் தெரியும். பணம் கொடுத்து இசையமைக்கச் சொன்ன தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த அமர்வில் இருந்த வி.ஆர். கிருஷ்ண ஐயர் தீர்ப்போடு தனிக் குறிப்பு ஒன்றை இணைத்து, பாடகருக்குச் சட்டத்தில் இடமே இல்லாததைச் சுட்டிக்காட்டினார். கலைஞர்களின் நிகழ்த்துரிமை 1994இல் சட்டத்துக்குள் வந்தது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியில் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து எழுதித்தர முடியாது என்ற பாதுகாப்புக்கு 2012வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாநிலங்களவையில் ஜாவேத் அக்தர் அதற்காக வாதாடினார். முப்பத்தைந்து ஆண்டு இடைவெளியில் இசைத்த எத்தனையோ பேர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெறுங்கையோடு போய்ச் சேர்ந்தார்கள்.

விமான் நகரில் இன்று இந்தக் கேள்வி பாடல்களைவிட மென்பொருளிலும் வடிவமைப்பிலும் அதிகம். மென்பொருள் நிரல் சட்டத்தின் கண்ணில் இலக்கியப் படைப்பு. சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலையின் பகுதியாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை முதலாளிக்கு. தனித்து ஒப்பந்தத்துக்கு எழுதித் தருபவருடையது அவருக்கே, எழுத்தில் மாற்றித் தராதவரை. இதனால் விசித்திரமான நிலைமைகள் உருவாகின்றன. ஒரு நிறுவனம் தன் லோகோவை டிரேட்மார்க்காகப் பதிந்து ஆண்டுக்கணக்காகப் பயன்படுத்தும். அந்த லோகோவின் பதிப்புரிமையோ அதை வரைந்து கொடுத்த வெளியாளிடமே இருக்கும். முதலீட்டாளர் வந்து ஆவணங்களைச் சரிபார்க்கும்போதுதான் அது தெரியவரும். அவசர அவசரமாக அவரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்குவார்கள். அவரோ அதன் மதிப்புத் தெரியாமல் இலவசமாகவே போட்டுக்கொடுத்துவிடுவார்.

உரிமை மாற்றத்துக்கு 19ஆம் பிரிவு வைத்திருக்கும் விதிகள் படைப்பாளிக்குச் சாதகமானவை. எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு மட்டுமே. எந்த நிலப்பரப்பு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டுமே. வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், வேறு காலம் குறிக்காத பட்சத்தில், அது திரும்பிவிடும். அதனால்தான் நிறுவனத் தரப்பு வக்கீல்கள் எழுதும் ஒப்பந்தங்களில் 'உலகம் முழுவதும்', 'நிரந்தரமாக', '19(4)ஆம் பிரிவு பொருந்தாது' என்ற வரிகள் தவறாமல் வருகின்றன. சட்டம் திறந்து வைத்த ஒவ்வொரு கதவுக்கும் ஒரு வரி பூட்டு. மேசையின் மறுபக்கம் இருப்பவருக்கு வக்கீல் இருப்பதில்லை. டிரேட்மார்க்கில் சண்டை தொடங்கியதும் சிறு கடைக்காரர் வக்கீலைத் தேடி ஓடுகிறார். அவருடைய பழைய பில்கள் அப்போதும் பயன்படும். பதிப்புரிமையில் வக்கீல் தேவைப்படுவது கையெழுத்துக்கு முன்பு. பிறகு தேடி வருபவரிடம் அந்த ஒப்பந்தம் மட்டுமே இருக்கும், அதுவும் எதிர்த் தரப்பு எழுதியது.

அப்படி வருபவருக்கும் ஒரு வழி மிச்சம் இருக்கிறது. ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் கொடுமையானவை என்றால், 19ஏ பிரிவின்படி உரிமை மாற்றத்தை ரத்துசெய்யக் கேட்கலாம். ஆனால் ஒப்பந்தமான ஐந்து ஆண்டுக்குள் ரத்து கிடைக்காது. முன்பு இதற்குச் சென்னையில் இருந்த வாரியத்தை நாட வேண்டியிருந்தது. 2021க்குப் பிறகு இந்த அதிகாரம் வணிக நீதிமன்றத்திடம் இருக்கிறது. விமான் நகரின் வடிவமைப்பாளரோ நிரல் எழுதுபவரோ இதற்காக இனி ஊர் விட்டு ஊர் போக வேண்டியதில்லை. புனேயிலேயே மனு போடலாம். ஆனால் அந்த மனுவையும் ஒரு வக்கீல்தான் எழுத வேண்டும். நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் எழுதப் பழகியவர்களில் சிலராவது மேசையின் இந்தப் பக்கம் வந்து உட்கார வேண்டும்.